வெற்றிடமாக வந்த பெயர்கள்

சாய்ந்தமருதில் பிறந்த நஸ்லின், கொழும்பில் கணினி படித்துவிட்டுக் கல்முனையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காற்று எழும்பும் முன் மீனவர்களின் தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புவது அந்த நிறுவனத்தின் வேலை.

சேர்ந்த புதிதிலேயே அவள் ஒரு பிழையைக் கண்டாள். ஒரு அட்டவணையில் தோணி இலக்கமும் சொந்தக்காரரின் பெயரும் இருந்தன. மற்றதில் தோணி இலக்கமும் தொலைபேசியும். இரண்டையும் இன்னர் ஜொயினால் இணைத்திருந்தார்கள். இலக்கம் இரண்டிலும் இருந்தால்தான் அந்த வரி வரும். தொலைபேசி பதியாதவரின் பெயர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடும். முதலாளி ஜவுபரிடம் சொன்னாள்.

"ஓடுற வண்டிய ஏன் கழட்டுற?" என்றார் அவர்.

மாரிக் காற்றில் மருதமுனைப் பக்கீரின் தோணி கவிழ்ந்தது. அவரை வேறு தோணிக்காரர்கள் தூக்கினார்கள். கூடப் போன தம்பி றிஸ்மியின் மையித்துத்தான் கரைக்கு வந்தது.

மரண வீட்டுக்குப் போன நஸ்லினிடம் பக்கீர் கேட்டார்: "எல்லாருக்கும் மெசேஜ் வந்திரிக்கி. எனக்கு மட்டும் ஏன் புள்ள ஒருத்தரும் சொல்லல்ல?"

நஸ்லின் நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"சிஸ்டம் சரியாத்தான் வேல செஞ்சிரிக்கி. அவர்ட நம்பர் நம்மளிட்ட இல்ல," என்றார் ஜவுபர்.

"நம்பர் இல்லாட்டி மனிசன் இல்லையா? நான் அண்டைக்கே சொன்னேனே!" என்றாள் அவள்.

அங்கேயே உட்கார்ந்து லெப்ட் ஜொயினாக மாற்றினாள். இப்போது தோணி அட்டவணையில் உள்ள எல்லோரும் வந்தார்கள். தொலைபேசி பதியாதவர்களுக்கு நேரே வெற்றிடம் விழுந்தது. திரையில் வெற்றிடம் வந்துகொண்டே இருந்தது.

"இத மீனவர் சங்கத்துக்குக் காட்டினா நமக்கு வெக்கம்," என்றார் ஜவுபர்.

"ஓம், வெக்கப்படுங்க."

வெற்றிடம் விழுந்த பெயர்களை எடுத்துக்கொண்டு மீனவர் சங்கத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அவளே போனாள். அடுத்த முறை காற்று வருமுன், பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. அந்தத் தோணிகள் கரையிலேயே நின்றன.

பக்கீரின் பெயரைக் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. அவர் தோணியை விற்றுவிட்டிருந்தார். நஸ்லின் அந்த நிறுவனத்தை விட்டு விலகினாள். ஜவுபரின் சலாமுக்கு இன்றும் அவள் நின்று பதில் சொல்வதில்லை.