சந்தனம் அடைத்த ரெக்கார்டர்

முதலிலேயே மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. வாக்கியம் கோணலாகத்தான் போகும். நடுவில் ஏதாவது மறந்தும் போவேன். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படப்பைப் பக்கம் நான் பெருக்கித் துடைக்கும் கம்பெனியில் மருந்து வைக்கும் குளிர் அறை ஒன்று உண்டு. எல்லாம் ஊசி மருந்து. சூடு பட்டால் கெட்டுவிடும். உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்று ராப்பகலாகக் குறித்துக்கொண்டே இருக்க, வெளிச்சுவரில் ஒரு பெட்டி. ரெக்கார்டர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வது சாந்தி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருதான். கம்பெனி வேனில் என் பக்கத்து சீட்.

அந்தப் பெட்டி, குறித்ததை மூன்று இடத்தில் வைக்கும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். தன் வயிற்றுக்குள் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். நிரம்பினால் பழசை அழித்துப் புதுசை எழுதும். முன்பக்கம் சின்ன வாயில் செருகிய மெமரி கார்டில் இன்னொன்று. வயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மற்றொன்று.

"ஒண்ணு போனா ஒண்ணு கீதுல்ல ஆயா... அதுக்குத்தான் மூணு."

மூன்றும் ஒன்றாகப் போகுமா? போயிற்று.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். கம்ப்ரசருக்கு மாலை. "ராவும் பகலும் கண்ணு முழிக்கிறது இதுதான். இதுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதா?" என்று சாந்தி ரெக்கார்டருக்குத் தாராளமாகச் சந்தனம் அப்பினாள். அது கார்டு வாய்க்குள் வழிந்து காய்ந்தது. சீரியல் லைட்டுக்குப் பிளக் போதவில்லை — வயர் போய்ச் சேரும் நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்கள். பொரி சாப்பிட்டோம். லீவு விட்டார்கள். லீவு முடிந்து லைட்டைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பிளக் திரும்ப ஏறியது.

போன வாரம், அந்த மருந்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் ஆள் சோதனைக்கு வந்தார். பூஜை லீவு ரீடிங்கைக் காட்டச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் அந்த நாட்கள் வெறுமை. சாந்தி கார்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள், கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றும் வரவில்லை. பெட்டியின் வயிற்றில் இருந்ததோ, இத்தனை வாரத்தில் புதுசு ஏறி அழிந்துவிட்டது.

"பிளக்கை யாரு புடுங்கினது?" என்றார் மேனேஜர்.

"நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க?" என்றாள் சாந்தி.

"எடுக்கச் சொன்னேன். அப்படியே வுடச் சொன்னேனா?"

மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ... "சார், லீவுலயும் நான் வந்து உள்ள போய்த் துடைச்சேன். விரல் மரத்துப்போச்சு. ஸ்வெட்டர் போட்டும் பல்லு தந்தி அடிச்சுது. ரூம் நல்லாத்தான் இருந்துச்சு."

வந்தவர் நல்ல மனுஷர். "நீங்க சொல்றது நெஜமாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க பல்லை நான் ரிப்போர்ட்ல எங்க ஒட்டுறது?"

மேனேஜர் சிரித்தார். சாந்தி சிரிக்கவில்லை.

அந்த லீவில் அறையில் இருந்த மருந்து அத்தனையையும் அழித்துவிட எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மருந்து. யார் வீட்டுக் குழந்தைக்குப் போட வேண்டியதோ? மறுநாள் சாந்தியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தெருவில் பார்த்தேன். "சந்தனத்தைக் கொஞ்சமா வெச்சிருக்கலாம் ஆயா" என்றாள். பிரியம் அதிகமானால் நாம் கண்ணை, வாயை எல்லாம் பார்த்தா பூசுகிறோம்?

இப்போது புதுப் பெட்டி வந்திருக்கிறது. காற்றிலேயே மேனேஜர் போனுக்கு அனுப்புமாம். வேனில் என் பக்கத்து சீட்டில் புதுப் பெண் உட்கார்ந்து வருகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

கார்டு, வயர் பற்றி எழுதியதில் தப்பிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த அறை குளிராக இருந்ததை மட்டும் சரிபார்க்க வேண்டாம்.