அண்ணிக்காகச் சொன்ன பதில்

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, பொலிஸ், அரசாங்கக் கச்சேரி என்று எந்த அலுவல் வந்தாலும் சுதர்சினியைத்தான் கூட்டிப்போவார்கள். கட்டுகஸ்தோட்டை மருந்துக்கடையில் பன்னிரண்டு வருட வேலை. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேட்பவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். கூட வந்தவர்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்படித்தான் அண்ணி கலாராணியையும் கண்டியிலுள்ள குழந்தைப்பேற்று கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அண்ணன் கணேஸைக் கட்டி ஒன்பது வருடமாகியும் பிள்ளை இல்லை. அண்ணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று முதல் நாளே டொக்டர் சிங்களத்தில் கேட்டார். "இல்லை" என்றாள் சுதர்சினி, அண்ணியின் பக்கம் திரும்பாமலே. அண்ணியைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

தெரியும். அண்ணியின் இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக் குளிசை கொண்டுவந்து கொடுப்பதே அவள்தான். ஆனால் தோட்டத்தில் வலிக் குளிசையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு மலை ஏறிவிடுவார்கள். மருந்துக்கடையில் நிற்கிற அவளும் அன்று அதை நினைக்கவில்லை.

மூன்று வருடம், விட்டு விட்டுச் சிகிச்சை நடந்தது. முட்டை வளர்ந்ததும், பை உடைந்து அது வெளியே வர ஊசி போடுவார்கள். சில நாள் கழித்து ஸ்கேன் பார்த்தால் முட்டைப் பை உடையாமல் அப்படியே இருக்கும். ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. லீவு கேட்டால் கங்காணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்பதால், கிளினிக்கை ஒட்டிய நாட்களில்தான் அண்ணி கூடுதலாகக் கொழுந்து பறித்தாள். அந்த நாட்களில்தான் குளிசையும் கூடியது.

மூன்றாம் வருடம் ரிஸ்னா என்ற தாதி மாற்றலாகி வந்தாள். தமிழிலேயே கேட்டாள்.

"என்னமும் குளிசை பாவிக்கிறீங்களா?"

சுதர்சினி வாயைத் திறந்தாள்.

"நீங்க கொஞ்சம் இருங்க தங்கச்சி. அவங்களுக்கும் வாய் இருக்குத்தானே."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மிஸ். இடுப்பு வலிக்கு சுதா குடுக்கிறது மட்டுந்தான்."

"எப்ப எப்ப போடுவீங்க?"

"ஊசி போடுற சமயம்தான் கூட. ரெண்டு வேளையும். அப்பதானே வேலையும் கூட."

ரிஸ்னா சொல்லக் கேட்ட டொக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுச் சிங்களத்தில் விளக்கினார். முட்டை வெளியே வருவது உடம்புக்கு ஒரு சின்னக் காயம் மாதிரி. நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே கூடி, சைட்டோகைன் என்ற பொருட்களைக் கொண்டு ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும். அதனால் வீக்கம் உண்டாகும். அந்த வீக்கத்தில்தான் பையின் சுவர் மெலிந்து உடையும். வலிக் குளிசை அடக்குவது அதே வீக்கத்தைத்தான். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம்.

அதை அண்ணிக்குத் தமிழில் சொல்லும்போது சுதர்சினிக்கு நாக்குத் தடுமாறியது.

குளிசையை நிறுத்தினார்கள். ஆனால் அண்ணிக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அடுத்த மூன்று மாதமும் ஒரு முட்டைகூட வளரவில்லை. இனி மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார் டொக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணிதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். "விடு சுதா. வலிக்குப் போட்டது இப்பிடிப் பண்ணும்னு யாரு கண்டா? முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

சுதர்சினி பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கேட்டாங்க அண்ணி. முதல் நாளே கேட்டாங்க. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன்."

பாலம் தாண்டி, கடைத்தெரு தாண்டி, பஸ் மலை ஏறத் தொடங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள் அண்ணி கடைசியில். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு மாதம் கழித்து இடுப்பு வலி முற்றி, அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுதர்சினியும் வழக்கம்போல லீவு போட்டுக் கூடப் போனாள். அண்ணியின் இலக்கத்தைக் கூப்பிட்டதும் சுதர்சினிதான் முதலில் எழுந்தாள்.

"நீ இங்கயே இரு. தெரிஞ்ச சிங்களத்துல நானே சொல்லிக்கிறேன்."

சுதர்சினி வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். அண்ணியின் சிங்களம் உள்ளே தட்டுத்தடுமாறுவது கதவு வழியாகக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியான வார்த்தை அவள் வாய்க்குள் வந்து நின்றது. அவள் எழுந்திருக்காமல் இருந்தாள்.