திருப்ப மறந்த விதி

எங்கள் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பொறுங்க சார்'. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. யாரோ இப்போது திட்டப் போகிறார்கள் என்பதுபோல எப்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். திட்டுவதற்கு நான் இருந்தேன்.

இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதிவு மேசை என்னுடையது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், வீட்டுக்காரரே சொல்வார். நோயாளியின் விவரத்தை எக்செல் தாளில் நிரப்பி, அதிலிருக்கும் பொத்தானை அழுத்தினால் குழாயில் ஒட்டவேண்டிய சீட்டு அச்சாகி வரும். அன்று காலை வரவில்லை. 'தடுக்கப்பட்டது' என்று ஓர் அறிவிப்புதான் வந்தது.

அந்த வாரம் எல்லாக் கணினிகளுக்கும் புதிதாக ஒரு பாதுகாப்பு விதி போட்டிருந்தார்கள். எக்செல், வேர்ட் கோப்புகள் எதுவும் தனக்குள்ளிருந்து வேறொரு நிரலைக் கிளப்பக் கூடாது. மின்னஞ்சலில் வரும் திருட்டுக் கோப்புகள் அப்படித்தான் உள்ளே நுழையுமாம். நல்ல விதிதான். ஆனால் எங்கள் சீட்டுப் பொத்தான் செய்வதும் அதே வேலை. திருடனையும் வீட்டு ஆளையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"சார், வெளியே நாப்பது பேர் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உங்க விதியைத் தூக்கி ஓரமா வைங்க."

"பொறுங்க மேடம். அந்தப் பொத்தான் எந்த நிரலைக் கூப்பிடுதுன்னு தெரிஞ்சா, அதுக்கு மட்டும் விலக்கு குடுத்துடலாம்."

"நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்."

என் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். விதிக்கு இரண்டு நிலை உண்டாம். ஒன்று, தடுப்பது. இன்னொன்று, தடுக்காமல் நடப்பதைக் குறித்து மட்டும் வைப்பது. எங்கள் அறைக்கு மட்டும் இரண்டாவது நிலையைப் போட்டார். பொத்தானை அழுத்தச் சொன்னார். சீட்டு வந்தது. குறிப்பில் நிரலின் பெயரும் வந்தது. அதற்கு விலக்கு கொடுத்தார். இனி விதியைப் பழையபடி தடுக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

"அதான் வந்துடுச்சே, எழுந்திருங்க சார்!" என்றேன். எழுந்துவிட்டார். மீதியைத் தன் அறைக்குப் போய் முடிக்கிறேன் என்றார். வழியில் எக்ஸ்ரே பிரிவில் யாரோ அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'திருத்திய விடுமுறைப் பட்டியல்'. திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. திரையில் ஒரு கறுப்புக் கட்டம் கண்சிமிட்டும் நேரம் தோன்றி மறைந்தது. அவ்வளவுதான். பட்டியல் இல்லை, திருட்டுக் கோப்பு என்று புரிந்தது. கோப்பை அழித்தேன், மின்னஞ்சலை அழித்தேன், அழித்தவை சேரும் பெட்டியையும் காலி செய்தேன். பிறகு அச்சாகி வந்த ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். பெயர் மாறினால் ஒருவருக்கு ஏற்றும் ரத்தம் மாறும். அவசரத்தில் ஒரு சீட்டை என் விரலிலேயே ஒட்டிக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து அவர் ஏறக்குறைய ஓடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"மேடம், பதினோரு மணிவாக்கில ஏதாவது கோப்பு திறந்தீங்களா?"

"நானா? மூச்சு விட நேரமில்லை, இதுல கோப்பு வேறயா?"

"திறந்திருந்தாலும் பரவாயில்லை. சொல்லிடுங்க."

"இல்லைன்னா இல்லை, சார்."

வீட்டுக்காரர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த வருடம் அது. என் வேலையும் போனால் வீடு ஓடாது. அவர் கணினியின் வயரைப் பிடுங்கி, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாலைவரை சீட்டுகளைக் கையால் எழுதினோம். கோப்பிலிருந்த திருட்டு நிரல் வேறெங்கும் பரவவில்லை என்று சாயங்காலம் செய்தி வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நிர்வாகியின் அறையில் எங்கள் பிரிவில் எல்லோரையும் கணினிக்காரரையும் கூப்பிட்டார்கள். 'பொறுங்க சார்' எழுதிக் கொடுத்த அறிக்கையை நிர்வாகியம்மா படித்தார். 'விதியைத் திருப்ப மறந்தது என் தவறு. அந்தக் கணினியில் மூன்று பேர் மாறி மாறி வேலை செய்கிறார்கள். கோப்பைத் திறந்தவர் யாரென்று கணினியின் பதிவில் தெரியவில்லை.'

"மறதிக்கு இது எச்சரிக்கை. இனிமே ஜாக்கிரதையா இருங்க" என்று அவரிடம் சொல்லி நிர்வாகியம்மா காகிதத்தை மடித்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் விரட்டியதால் மறந்தவர், நான் திறந்ததற்கும் சேர்த்துத் தலைகுனிந்து நிற்கிறார். அதே இடத்தில் நல்லவளாகிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. "நான்தான் திறந்தேன்" என்றேன்.

"சொன்னதே நல்லது. உட்காருங்க" என்றார் நிர்வாகியம்மா. பிறகு 'பொறுங்க சார்' பக்கம் திரும்பினார். "திறந்த ஆளோட பேர் பதிவுல வராதா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, வெறும் பயம்தான். அதற்கு முன்பும் பின்பும் ஒரு மனிதர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"வரும்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்தே... அவங்ககிட்ட கேக்கப் போறதுக்கு முன்னாடியே."

கோப்பைத் திறந்ததற்கு எனக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொய் அறிக்கை எழுதியதற்கு அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்க மாடிப்படிவரை அவர் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் மேடம் சொன்னீங்க? முடிஞ்சு போச்சே" என்றார்.

சொல்ல வேண்டியதை அவர் வந்து கேட்டபோது சொல்லியிருந்தால், அவர் எதையும் மறைத்திருக்க வேண்டாம்.