பெரியவரின் குறுக்கு நடை

மருந்துக்கடை அம்மா லாயத்துக் கிழட்டுக் குதிரைக்குத் திருட்டுத்தனமாக ஏதோ மாத்திரை கொடுக்கிறார், அதனால்தான் அது நேராக நடக்கத் தெரியாமல் கோணிக்கொண்டு போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் தலைவலி மாத்திரைகூடத் தராத பெண்மணி என்பதால், கேட்டவர்களுக்கெல்லாம் செய்தி இனித்தது. கடைசியில் நாத்தனார் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அண்ணி, குதிரைக்கு என்ன குடுக்குறீங்க?"

"கேரட்டு."

"கேரட்டு தின்னா கோணலாவா நடக்கும்?"

"நடக்க மாட்டேங்குறாரே, அதான் என் கவலை."

விசாரித்துப் பார்த்தால் வதந்தியில் பாதிதான் பொய். மாத்திரை கிடையாது. கோணல் உண்டு, ஆனால் அது நோயல்ல, பாடம். குறுக்கு நடை என்பார்கள். குதிரை முன்னே போய்க்கொண்டே பக்கவாட்டிலும் நகர வேண்டும். கால்கள் கத்தரிக்கோலைப் போல ஒன்றை ஒன்று கடக்க வேண்டும். கழுத்து போகிற பக்கமே லேசாக வளைந்திருக்க வேண்டும். இளங்குதிரைகளே முகம் சுளிக்கிற வேலை. இந்தக் குதிரையோ, லாயத்தில் எல்லோரும் 'பெரியவர்' என்று கூப்பிடுகிற வயதில் இருந்தது.

மரியாதைக்குக் குறைவில்லை. "பெரியவர் சாப்பிட்டாரா?" என்றுதான் லாயத்து மேலாளரும் கேட்பார். அதே மேலாளர்தான், குளிர்காலம் முடிவதற்குள் பெரியவர் குறுக்கு நடையைக் கற்றால் சவாரி வகுப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொலைவிலிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். "அங்க புல்லு ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார். வீட்டுப் பெரியவர்களை எங்காவது அனுப்பி வைக்கிறவர்கள் அந்த இடத்துத் தோட்டத்தைப் புகழாமல் இருந்ததில்லை.

மருந்துக்கடை அம்மாவுக்கு நாள் முழுக்க அடுத்தவர் வலிதான் காதில் விழும். மூட்டு, நெஞ்செரிச்சல், மாப்பிள்ளை. கடை திறப்பதற்கு முன் பெரியவர் முதுகில் கழிகிற அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் யாரும் எதையும் முறையிடுவதில்லை. பெரியவர் போனால் அந்த நேரமும் போய்விடும்.

அதனால் தினமும் இடப்பக்கம் போகப் பழக்கினார். வலது காலால் விலாவை லேசாக அழுத்துவார். பெரியவர் காதைத் திருப்புவார், இரண்டடி கோணலாக வைத்து யோசிப்பார், நின்றுவிடுவார். சேணம் உறுத்துகிறதோ என்று அடியில் வேறு மெத்தை போட்டார். லாடத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பிறகு வயதைக் குறை சொன்னார். தன்னை மட்டும் விட்டுவிட்டார்; அது நம் எல்லோருக்கும் கைவந்த கலை.

சவாரிக் கூடத்தின் வலது மூலையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. கால்கள் சரியாகக் கடக்கின்றனவா என்று அவர் அதில் பார்ப்பார். பார்க்கத் திரும்பினால் இடுப்பும் வலப்பக்கம் சாயும். கால் இடப்பக்கம் போ என்னும், இடுப்பு வலப்பக்கம் வா என்னும். தாய் ஒன்றும் தாரம் ஒன்றும் சொன்னால் நடுக்கூடத்தில் நிற்கிற ஆண்பிள்ளையைப் போலப் பெரியவர் நின்றார்.

வதந்தியை நேரில் பார்க்க நாத்தனார் வந்த காலையில் பனிமூட்டம். கூடத்துக்குச் சுவர் அரை உயரம்தான். பனி அதைத் தாண்டி வந்து, மணலைத் தொடாமல் இடுப்புயரத்துக்கு மேலே தொங்கிக் கிடந்தது. விளக்குகள் பாலில் போட்ட பொட்டுகள்போல மங்கின. எங்கோ ஒரு குதிரை செருமியது, வேறு வீட்டில் யாரோ தூக்கத்தில் புரண்டதுபோல.

மருந்துக்கடை அம்மா மூலையிலிருந்து கிளம்பினார். வழக்கம்போலக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி இருந்த இடத்தில் பனிதான் இருந்தது. பார்க்க ஒன்றுமில்லாததால், போகிற திசையையே பார்த்தார். வலது காலை அழுத்தினார்.

பெரியவர் நிற்கவில்லை.

தரை தானே நகர்வதுபோல இருந்தது. ஓடத்தைக் கரையிலிருந்து தள்ளிவிட்டதும் அது சத்தமில்லாமல் விலகுமே, அப்படி. மணலில் குளம்படி விழுவது கேட்டது, கனவுக்குள் யாரோ கதவு தட்டுவதுபோல. எவ்வளவு தூரம் போனோம் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. மூச்சு எது தன்னுடையது, எது பெரியவருடையது என்பதும் குழம்பிப் போயிருந்தது. எதிர்ச்சுவர் வந்து நின்றபோதுதான் விழிப்புத் தட்டியது.

"அண்ணி," என்றது பனிக்குள்ளிருந்து நாத்தனார் குரல். "நாலு காலு மட்டும் மெதக்குது. மேல யாருமே இல்ல."

"நான் இருக்கேன்டி."

"அதான், தெரியல. நேத்தெல்லாம் நீங்க மட்டும்தான் தெரிஞ்சீங்களாம், காலு நகரலையாம். லாயத்துல சொன்னாங்க."

மருந்துக்கடை அம்மா தன் இடுப்பு இருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். நடுவில் இருந்தது. பிறகு கண்ணாடி இருந்த மூலையைப் பார்த்தார். அவருக்கு முகம் சுட்டது. குனிந்து பெரியவர் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

அரைச்சுவரோரம் மேலாளர் நின்றிருந்தார், கையில் தேநீர்க் கோப்பை, ஆவியும் பனியும் பிரித்தறிய முடியாமல். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

"பாத்துட்டேன்," என்றார். "மேய்ச்சலுக்கு வேற யாரையாவது அனுப்பிக்கலாம். பெரியவரு இருக்கட்டும்." ஒரு மிடறு குடித்தார். "ஆனா இடப்பக்கம் மட்டுந்தானம்மா போனாரு. வலப்பக்கம்?"

"அது பாக்கி சார்."

"எப்போ தருவீங்க?"

மருந்துக்கடை அம்மா பெரியவரின் காதைப் பார்த்தார். பெரியவர் காதை இவர் பக்கம் திருப்பி யோசித்தார்.