ரசமட்டம் எந்தப் பக்கம்?

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே குமிழி ஓடும் கருவி, அதுதான். அவர் கை பட்ட லிஃப்ட் மாடியில் வந்து நின்றால் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே தரையாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்து வைக்கலாம். மற்றவர்கள் விரல் கனம் ஏற்ற இறக்கம் இருந்தால், "ஓடுதுல்ல, போதும்" என்று கிளம்பிவிடுவார்கள். ரசமட்டம் அசையமாட்டார். கையில் எடுத்த வேலையை முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் கர்வம் இருப்பதுதான் அழகு.

வெளிநாட்டு வேலைக்காக எழுதிய ஆங்கிலத் தேர்வில் அவர் காலை வாரிவிட்டதும் அதே கர்வம்தான்.

அவர் மனைவி நர்ஸ். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லாருக்கும் நர்சம்மா. இதே தேர்வை முதல் முயற்சியிலேயே எழுதித் தேறி, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். மகளும் அப்பாவும் இங்கே. அந்த ஊரிலேயே ஒரு லிஃப்ட் கம்பெனி ரசமட்டத்துக்கு வேலை தரச் சம்மதித்திருந்தது. இந்த வருடத்துக்குள் தேர்வில் தேறிவிட்டால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். தேறாவிட்டால் அம்மாவின் முகம் மகளுக்குப் போன் திரைக்குள்தான்.

இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் கோட்டை விட்டார்.

வாசிப்புத் தேர்வில் தேனீக்களைப் பற்றி ஒரு நீண்ட பகுதி வந்தது. அதில் ஒரு கேள்வி பிடி கொடுக்கவில்லை. இவரும் விடாக்கண்டன், கேள்வியோடு மல்லுக்கு நின்றார். அதை முடித்துத் தலை நிமிர்ந்தபோது கடைசிப் பகுதியைப் புரட்டக்கூட நேரம் இல்லை. அடுத்த முறை தேனீக்குப் பதில் பனிப்பாறை. கதை அதேதான்.

பயிற்சி வகுப்பு டீச்சர் பொறுமைசாலி. "பதில் கிடைக்கலன்னா ஒரு அடையாளம் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க சார். கடைசியில திரும்பி வந்து பாத்துக்கலாம்."

"பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் நமக்கு இல்லைங்க டீச்சர்."

"சரி, முதல்ல கேள்வியப் படிங்க. அப்புறம் பதில் எந்தப் பத்தியில இருக்குன்னு தேடுங்க. வரி விடாம படிக்க நேரம் பத்தாது."

"முழுசாப் படிக்காம பதில் சொன்னா அது ஏமாத்து வேலை இல்லையா?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எழுத்துத் தேர்வில் வேறு விதமான வம்பு. ஒரு விஷயத்தைச் சிலர் சரி என்கிறார்கள், சிலர் தவறு என்கிறார்கள், உங்கள் கருத்து என்ன என்று கேட்பார்கள். ரசமட்டம் சரி என்பவர்களுக்கு ஒரு பத்தி, தவறு என்பவர்களுக்கு அதே அளவில் ஒரு பத்தி எழுதி, இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்று முடித்துவிடுவார். பழுதுபார்த்த அறிக்கை எழுதிப் பழகிய கை அது. அதில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். 'நான் நினைக்கிறேன்' என்று எழுதினால் மேலதிகாரி கூப்பிட்டு, "நினைக்கவா சம்பளம் குடுக்கறோம்?" என்பார்.

"நீங்க எந்தப் பக்கம் சார்? முதல் பத்தியிலயே அதைச் சொல்லிடணும். அப்புறம் காரணம், காரணத்துக்கு ஒரு உதாரணம். இப்படி மதில்மேல் பூனையா இருந்தா மார்க் வராது" என்றார் டீச்சர்.

"முன்ன பின்ன தெரியாதவருக்கு என் கருத்து எதுக்குங்க?"

உண்மையில் அவர் வீட்டிலும் அப்படித்தான். அவருடைய அக்கா வரும்போதெல்லாம், "பெத்த பிள்ளைய விட்டுட்டு அப்படி என்னடா வேலை அவளுக்கு?" என்று ஆரம்பிப்பார். "நீ சொல்றதும் சரிதான்க்கா, ஆனா அவ பக்கமும் நியாயம் இருக்கு" என்று இவர் வழவழா கொழகொழாவென்று முடிப்பார். ஒருமுறை போனைத் துண்டிக்க மறந்துவிட்டதால் நர்சம்மா அதைக் கேட்டுவிட்டார். சண்டை போடவில்லை. இரண்டு நாள் பேச்சு மட்டும் குறைந்தது.

மூன்றாவது தேர்வு நெருங்கிய சமயம், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி. ரசமட்டத்தின் கூட்டாளி மேலே மோட்டார் அறைக்கு ஓடி மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். லிஃப்ட் மெல்ல இறங்கி மாடிக்கு நேராக வந்தது. ரசமட்டம் சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

"என்னப்பா கோளாறு?" என்றார் அந்தப் பெண்மணி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"தெரியலைங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நீங்க வெளிய வாங்க."

அதற்குள் போன். இரண்டு தெரு தள்ளி இன்னொரு லிஃப்டில் ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டிருந்தது. 'பழுது' பலகையைக் கதவில் மாட்டிவிட்டு இருவரும் ஓடினார்கள். பாதி வழியில் ரசமட்டம் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"என்ன, எதையாவது மறந்துட்டியா?" என்றார் கூட்டாளி.

"இல்லப்பா. டீச்சர் இத்தனை நாளா இதைத்தான் சொன்னாங்க."

கூட்டாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரசமட்டத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆளை வெளியே எடு, பலகையை மாட்டு, அடுத்த இடத்துக்கு ஓடு, பிறகு திரும்பி வந்து கோளாற்றைப் பார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து செய்துவருகிற காரியம். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது, பாதியில் விடுவது எங்கே இருக்கிறது? அன்று சாயங்காலமே திரும்பி வந்து அந்த லிஃப்டையும் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தேர்வு நாளன்று வாசிப்பில் அவருடைய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கேள்வி, பிறகு பத்தி. பெயர்களையும் ஆண்டுகளையும் கண்ணால் துழாவிப் பிடித்தார். தெரியாத சொல் வந்தால் அக்கம்பக்கத்து வரியைப் பார்த்து ஊகித்தார். முரண்டு பிடித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். கடைசிக் கேள்வியையும் தொட்டு, கோடு போட்டவற்றுக்குத் திரும்பி வரவும் நேரம் மிஞ்சியது.

எழுத்துத் தேர்வின் கட்டுரைக் கேள்விதான் அவரை மடக்கியது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாயோ தந்தையோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதைச் சிலர் சரி என்கிறார்கள், சிலர் தவறு என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பழக்க தோஷத்தில் கை இரண்டு பத்திக்கும் சமமாக இடம் ஒதுக்கியது. பிறகு நின்றது. ரசமட்டம் கேள்வியை மறுபடி படித்தார். ஒதுக்கியதை அடித்துவிட்டு, ஓரத்தில் நாலு சொல்லில் திட்டம் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துப் பிழை திருத்தும்போது அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் தேர்வு பயம் என்று நினைத்திருப்பார்கள்.

முடிவு வந்தது. தேறிவிட்டார். மகள் சோபாவில் ஏறிக் குதித்ததை அன்று யாரும் தடுக்கவில்லை.

நர்சம்மா போனில் சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டார். "வாசிப்பு சரிங்க. எழுத்துல எப்படித் தப்பிச்சீங்க? நீங்கதான் ரெண்டு பக்கமும் தலையாட்டற ஆளாச்சே."

ரசமட்டம் கேள்வியைச் சொன்னார்.

"என்ன எழுதினீங்க?"

"போறதுதான் சரின்னு எழுதினேன். முதல் வரியிலயே. உதாரணத்துக்கு உன்னைத்தான் எழுதினேன். முன்னெல்லாம் நாலு பேர் வந்தா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கற நம்ம பொண்ணு, இப்ப எங்கம்மா தனியாப் போய் வெளிநாட்டுல வேலை பாக்கறாங்கன்னு வகுப்புல எழுந்து நின்னு சொல்றா, அதை எழுதினேன். புள்ளைக்கு ஜுரம் வந்தா அம்மாவத்தான் கேக்குது, அதுவும் எழுதினேன். ஆனாலும் நீ போனது சரி, எனக்கு அதுல பெருமைன்னு முடிச்சேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பேப்பர் திருத்தறவருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. உங்க அக்காவுக்குத்தான் தெரியல."

போனை வைத்ததும் ரசமட்டம் உட்காரவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். தேறிய செய்தி கேட்டு அக்காவுக்கும் சந்தோஷம். "நல்லதுடா. இனிமேலாவது புள்ளை அம்மாகூட இருக்கும். அவ அப்பவே போயிருக்கக் கூடாது."

"போனது சரிதான்க்கா. அவளால எனக்குப் பெருமை."

அடுத்து வழக்கமாக வரும் 'ஆனா'வுக்காக அக்கா காத்திருந்தார். அது வரவில்லை.

"என்னடா, ஒரேயடியா அவ பக்கம் பேசற?"

"ஆமாக்கா. நான் அவ பக்கம்தான்."