கணியூர் பேருந்தில் ஓசியும் மானியமும்

மாலை 4.10க்கு உடுமலைப்பேட்டையிலிருந்து கணியூர் டவுன் பஸ் புறப்பட்டது. இருபது கிலோமீட்டர் சொச்சம். எனக்குப் பதினெட்டு ரூபாய் டிக்கெட். கணியூரில் நண்பர் காத்திருந்தார்.

பக்கத்தில் ஒரு விவசாயி. முன் இருக்கையில் அவருடைய பெரிய அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

"மருந்தடிக்கிற மெசினுங்க. பாதி மானியம். மூணு மாசம் நடந்து இன்னிக்குத்தான் கைக்கு வந்துச்சு," என்றார் பெருமையாக.

4.25. பனியன் கம்பெனி நிறுத்தத்தில் பெண்கள் ஏறினார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சேலையெங்கும் பஞ்சுத் தூசியோடு ஒருவர் பெட்டியருகே வந்து நின்றார்.

"பொட்டியக் கொஞ்சம் எடுங்கண்ணா, உக்காரோணும்."

"ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேறயா?" என்றார் விவசாயி. நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அந்தப் பெண் முகம் சிவக்க, நடத்துநரிடம் இருபது ரூபாய் நோட்டை நீட்டினார். "எனக்குக் காசு டிக்கெட்டே குடுங்க."

"அப்புடிக் குடுக்க முடியாதுங்கக்கா. உங்களுக்கான காசைக் கவர்மென்டு டிப்போவுக்குக் குடுத்துருது. இங்க ஆரும் ஓசியில வரலீங்க."

அந்தப் பெண் விவசாயி பக்கம் திரும்பினார். "ஏனுங்கண்ணா, கவர்மென்டு உங்களுக்குக் குடுத்தா மானியம், எனக்குக் குடுத்தா ஓசிங்களா? பஸ்சுக்குப் போக என்ன மிஞ்சும்னு ஊட்டுல என்னைய வேலைக்கே விடலீங்க. இந்த டிக்கெட்டு வந்தப்புறந்தான் வர்றேன்."

விவசாயி எழுந்து பெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"வாய் தவறிச் சொல்லிப்போட்டனுங்க அம்மிணி. தப்புத்தான். உக்காருங்க."

உட்கார்ந்தவர் வெகுநேரம் வெளியே காற்றாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஸ்டெல்லா என்றும், காலையிலிருந்து நின்றபடியே துணி சரிபார்க்கும் வேலை என்றும் நான் கேட்டபிறகு சொன்னார்.

விவசாயி தன் ஊரில் இறங்கும்போது பெட்டி படிக்கட்டில் சிக்கியது. ஸ்டெல்லா எழுந்துபோய் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். "பாத்துங்கண்ணா, கீழ போட்றாதீங்க."

5.05க்குக் கணியூர். சிரித்ததற்கு ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் கூட்டத்தோடு போய்விட்டார்.

சென்னையில் என் வீட்டு எரிவாயு சிலிண்டருக்கும் அரசு பணம் தருகிறது. கணக்கில் விழுந்ததும் கைப்பேசிக்குச் செய்தி வரும். அதில் மானியம் என்றுதான் இருக்கும். அதை ஓசி என்று இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.