என்லார்ஜருக்கு இரண்டு கண்ணாடி

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் எங்கள் போட்டோ ஸ்டுடியோ இருந்த வருஷங்களில் படம் எடுப்பது அண்ணன், அதைக் கழுவி அச்சிடுவது நான். கடையின் பின்பக்கத்துச் சிறிய அறைதான் இருட்டறை. எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் தொழிலை விட்ட ஒருவரிடம் பழைய என்லார்ஜர் ஒன்றை வாங்கினோம். நெகட்டிவ்வைப் பெரிதாக்கிக் கீழே வைத்த தாளில் விழச்செய்யும் கருவி அது. பஸ்ஸின் கூரையில் கட்டி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுக்கி மேலே கொண்டுவந்தார் அண்ணன். இறக்கியபோது எதுவும் உடைந்திருக்கவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஓய்வு பெற்றார். வழியனுப்பும் நாளில் அண்ணன் குரூப் போட்டோ எடுத்தார். நடுவில் நாற்காலியில் மேனேஜரும் ரைட்டரும், இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள். பெரிய படம் ஒன்று அச்சிட்டு ஆபீசுக்குக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து, படத்தில் இருந்த பெண்களில் ஒருவர் கடைக்கு வந்தார்.

"ஏனுங்க, நாற்காலில உக்காந்தவீங்க எல்லாம் பளிச்சுனு இருக்காங்க. நாங்க நின்ன பக்கம் மட்டும் பனி எறங்குன மாதிரி இருக்குதுங்களே? அன்னிக்கு வெய்யலு நொம்ப அடிச்சுதுங்க."

குரலில் கோபம் இல்லை. தங்களை அப்படி எடுப்பதுதான் வழக்கமோ என்று தெரிந்துகொள்ள வந்தவர் போலக் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அதற்கு முன்பே இரண்டு கல்யாணப் படங்களில் ஓரம் மங்கியிருந்ததை நான் கவனித்திருந்தேன். இருட்டறைக்குள் தப்பு நடக்காது என்ற எண்ணம் எனக்கு. அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன்.

"நீங்க ஃபோகஸ் சரியா வெக்கறதில்லீங்ணா. ஒருக்கா கண்ணைக் காட்டிட்டு வாங்க."

"நான் சரியாத்தான் வெச்சேன் கண்ணு."

"பின்ன எப்படி மங்குது?"

அண்ணன் அடுத்த வாரம் சேலம் போய் மூக்குக்கண்ணாடியோடு திரும்பினார். லேசான பவர்தான் என்று டாக்டர் சொன்னாராம். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த முதல் குரூப் படத்திலும் வலது ஓரம் மங்கியது.

ஒருநாள் அவசரத்தில் நெகட்டிவ்வைத் முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிட்டேன். படத்தில் இருந்த பலகையின் எழுத்துகள் இடம்வலம் மாறி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. படத்தை எறியப் போனவள் நின்றேன். வழக்கமாக மங்கும் வலது ஓரத்து ஆட்கள் இப்போது இடது பக்கம் வந்து தெளிவாக இருந்தார்கள். தெளிவாக இருந்தவர்கள் வலது பக்கம் போய் மங்கியிருந்தார்கள். அப்படியானால் நெகட்டிவ்வில் குறையில்லை. அண்ணனின் கண்ணிலும் இல்லை. என்லார்ஜரின் தலைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். பார்வைக்குத் தெரியாத சாய்வு. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அதற்கும் பிடிபடவில்லை, குமிழி நடுவில் நின்றது.

அந்த மாதம் பேப்பர் வாங்கச் சேலம் போனபோது ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுயரக் கண்ணாடிகள். நடுவில் நின்ற என் உருவம் ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாகப் போனது. ஆனால் நேராகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி விளிம்பில் மறைந்தது. ஒரு கண்ணாடி ஆணியில் முன்பக்கம் சாய்ந்து தொங்கியது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஒவ்வொரு உருவத்திலும் சாய்வு கூடிக்கொண்டே போய், பத்தாவதில்தான் தெரிந்தது. சேலை எடுக்காமல் வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடிகள் இரண்டு வாங்கினேன்.

ஒன்றின் பின்புறப் பூச்சை நடுவில் ஊசியால் சுரண்டி, மிளகு அளவுக்கு ஓட்டை செய்தேன். முன்புறத்தில் ஒரு குழந்தை வளையலை வைத்து, ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு நகப்பாலிஷால் வட்டம் வரைந்தேன். அவ்வளவுதான் கருவி. கதவைத் திறந்து வைத்துப் பகல் வெளிச்சத்தில், என்லார்ஜரின் விளக்கையும் லென்ஸையும் கழற்றினேன். ஓட்டை இல்லாத கண்ணாடியைக் கீழ்ப்பலகையில் மல்லாத்தினேன். மற்றதை நெகட்டிவ் வைக்கும் இடத்தில் கவிழ்த்து, ஓட்டை வழியே குனிந்து பார்த்தேன். சிவப்பு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கி, ஒரு பக்கமாக வளைந்து ஓடின.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பஸ்சுல வந்தப்பவே ஆயிருக்கும்" என்றார்.

"உங்களை வீணாப் பேசிட்டேனுங்ணா."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "பஸ் போர்டு படிக்க ஆகும், இருக்கட்டும்" என்றார்.

என்லார்ஜரின் தலையைத் தாங்கும் தூணின் அடியில் இருந்த திருகுகளை அவர் தளர்த்தினார். வீணான நெகட்டிவ் துண்டுகளைக் கத்தரித்து ஒரு பக்கம் செருகினோம். ஒன்று போதவில்லை, மூன்று அதிகம். இரண்டு வைத்து இறுக்கியதும் வட்டங்கள் ஒரே மையத்தில் கிணறு போல அடங்கின.

ரைட்டர் படத்தை மறுபடி அச்சிட்டேன். சொல்லி அனுப்பியதும் அந்தப் பெண் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். தன் மூக்குத்திகூடத் தெரிகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். பக்கத்தில் நின்றவர் குனிந்து தன்னைத் தேடினார்.

"ஐயோ, நான் கண்ண மூடிட்டில்ல நிக்கறேன்! இதுக்குப் பழைய பனியே தேவலீங்க."

மூவரும் சிரித்தார்கள். கண் மூடியிருந்தவரை மட்டும் அண்ணன் வாசலுக்கு அழைத்துப்போய்த் தனியாக ஒரு படம் எடுத்தார். கண் இமைக்கக் கூடாது என்ற முனைப்பில் அவர் முறைத்தபடி நின்றார்.

புதிய பெரிய படத்தை எஸ்டேட் ஆபீசுக்கும் கொண்டுபோனோம். பழையதே இருக்கட்டும், ஃபிரேம் போட்டாயிற்று என்றார் மேனேஜர். அதனால் அதைப் பெண்களிடமே கொடுத்துவிட்டோம்.